மூச்சடக்கத் தெரிந்தவர்க்கும் பயிற்சி வேண்டும்

விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் அங்கு வந்து நிற்கின்றன. பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் அதே கடலில் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் சிப்பி பெயர்த்துப் பிழைத்தவர்களின் கதி என்ன என்று கேட்போர் குறைவு. துறைமுகப் பணியால் தொழில் நலிந்தவர்களுக்கு நஷ்ட ஈடு வழங்கப்பட்டது. நஷ்ட ஈடு ஒரு முறை வரும், செலவாகிவிடும். தொழில்தான் தினமும் சோறு போடும்.

அடுத்துள்ள கோவளத்தில் புதிய தொழில் ஒன்று தலையெடுத்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் பணம் கொடுத்து, காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, கடலடியில் மீன்களைப் பார்த்து வருகிறார்கள். இதற்கு ‘ஸ்கூபா’ என்று பெயர். பயணிகளை அழைத்துச் செல்வதற்குச் சான்றிதழ் பெற்றவர்கள் வேண்டும். அந்த இடங்களில் விழிஞ்ஞத்து இளைஞர்கள் முன்னால் நிற்க வேண்டாமா?

“மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். இந்த விஷயத்தில் வேண்டும் என்பதே பதில். சிப்பி எடுப்பவரின் முதல் பாடம் மூச்சை அடக்குவது. ஸ்கூபாவின் முதல் பாடமோ எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது.

கணக்கு எளிது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. கரைக்காற்றில் 5 லிட்டர் மூச்சு இழுத்து மூழ்குபவரின் நெஞ்சில் அது இரண்டரை லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழையபடி 5 லிட்டராகும். ஆபத்தில்லை. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் உருளையிலிருந்து 5 லிட்டர் இழுத்தவர், அதை அடக்கியபடியே மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். பழக்கம் காப்பாற்றுவதற்குப் பதில் உயிரைக் குடிக்கும். இது தவிர, ஆழத்தில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலே வந்தால் சோடா புட்டியைத் திறந்தாற்போலக் குமிழியிடும். தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்பதற்குக் கம்ப்ரசர் காற்று வந்த பின், முறையான பயிற்சியின்றி இறங்கி உடல் முடங்கியவர்களும் மாண்டவர்களும் உண்டு.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் இக்கருவியை உருவாக்கினார்கள். 1966இல் தொடங்கிய ‘பாடி’ போன்ற அமைப்புகளின் சான்றிதழ் உலகெங்கும் செல்லும். முதல் நிலைப் பயிற்சியில் பாடம், குளத்துப் பயிற்சி, கடலில் நான்கு முழுக்கு ஆகியவை உண்டு. 200 மீட்டர் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். தேறியவர் துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். நீச்சல் சோதனை நம் மீனவ இளைஞனுக்கு விளையாட்டு. அவனைத் தடுப்பவை இரண்டு: பல ஆயிரம் ரூபாய்க் கட்டணம், ஆங்கிலப் பாடப் புத்தகம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் நிலைச் சான்றிதழ் பொழுதுபோக்குக்கானது. வேலைக்கான உரிமம் அல்ல. ‘டைவ் மாஸ்டர்’, பயிற்சியாளர் என்ற படிகள் வரை ஏறினால்தான் சம்பளம் உண்டு. துறைமுகத்தின் நீரடி வேலைகளுக்குத் தனிப் பயிற்சி தேவை. ஆகவே ஒரு வாரம் வகுப்பு நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும் திட்டத்தால் பயனில்லை.

இதில் ஊருக்கும் ஆதாயம் உண்டு. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் காணாமற்போனபோது, தீயணைப்புப் படையின் ஸ்கூபா வீரர்கள் ரயில் நிலையத்தின் அடியிலுள்ள குப்பைச் சகதிக்குள் புகுந்து தேடியதை நாம் கண்டோம். மூன்றாம் நாள்தான் உடல் வேறிடத்தில் கிடைத்தது. அத்தகைய பயிற்சி பெற்றோர் எவ்வளவு பேர் இருந்தாலும் மிகையல்ல. 2018 வெள்ளத்தில் படகோடு வந்து உயிர்களைக் காத்த சமூகத்திடம் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. பயிற்சிதான் பாக்கி.

கேரள அரசும் துறைமுக நிர்வாகமும் ஆவன செய்ய வேண்டும். சிப்பித் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்குக் கட்டணத்தை ஏற்று, சம்பளம் கிடைக்கும் நிலை வரை பயிற்சி தர வேண்டும். பாடம் மலையாளத்தில் இருக்கட்டும். தமிழிலும் இருந்தால் எல்லைக்கு அப்பால் சிப்பி எடுக்கும் குமரிக் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் உதவும். கப்பலுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு அந்தக் கடலிலேயே ஒரு வேலையைக் கொடுப்பது சலுகையல்ல. அவர்களுக்குச் சேர வேண்டிய கடன்.