கடல் சூழ்ந்த நாட்டில் உப்புத் தட்டுப்பாடு

நாற்புறமும் கடல் சூழ்ந்த நமது நாடு, 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பு வருவிக்க நேர்ந்தது. கேட்ட மாணவர் சிலர் நகைத்திருக்கலாம். நகைக்குமுன் இரசாயனப் பாடத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சோடிய உலோகத்தை நீரிலிட்டால் சீறியெழும், தீப்பற்றவுங்கூடும். குளோரீனோ நச்சுவாயு. இவ்விரண்டும் சேர்ந்த உப்பை நாம் நாள்தோறும் கறியிலிட்டு உண்கின்றோமே, அஃது எங்ஙனம்? உப்பில் இருப்பவை அவற்றின் அணுக்கள் அல்ல, அயன்கள். சோடியம் அணுவில் 11 புரோத்தன்களும் 11 இலத்திரன்களும் உண்டு. ஓர் இலத்திரனை இழந்ததும் அது நேரேற்றம் பெற்ற அயனாகின்றது. அவ்விலத்திரனைப் பெற்ற குளோரீன், மறையேற்றமுள்ள குளோரைட்டு அயனாகின்றது. ஒரேயோர் இலத்திரன் கைமாறியதும் குணம் முற்றும் மாறிவிட்டது! பரீட்சைத்தாளில் அணுவையும் அயனையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் இதனை மறவாதிருப்பாராக.

நீரிலிட்ட உப்பு அழிந்துவிடுவதில்லை. நீர் மூலக்கூறுகள் அவ்வயன்களைச் சூழ்ந்து பிரித்துக்கொண்டு செல்கின்றன. இதற்கும் ஓர் எல்லை உண்டு. 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பையே கரைக்கும்; இதுவே உப்பின் கரைதிறன். கொதிநீரிலும் 39 கிராமுக்குமேற் கரையாது. சூடான சீனிப்பாகை ஆறவிட்டுக் கற்கண்டு எடுப்பதுபோல் உப்பை எடுக்க இயலாமைக்குக் காரணம் இதுவே. நீரை வற்றச்செய்தலே வழி.

கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 27 கிராம் கறியுப்பே உண்டு. ஆகவே, புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் உள்ள உப்பளங்களில், நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காத்திருத்தல் வேண்டும். கரைதிறன் குறைந்த கல்சியங்காபனேற்று முதலிற் படியும், பின்னர் ஜிப்சம், அதன் பின்னரே உப்பு. மகனீசிய உப்புகள் இறுதிவரை நீரிலேயே நிற்கும். அந்நீரை நன்கு வடித்தல் வேண்டும். வடியாத உப்புக் கைக்கும், மாரிக்காலத்தில் சட்டியிலேயே கசியும். இதை நம் அன்னையர் நன்கறிவர்.

பல வாரம் வெயில் காய்ந்து பாத்தியில் உப்புப் பூக்குந் தறுவாயில் மழை பெய்தால்? நிரம்பிய கரைசல் நிரம்பாக் கரைசலாகிவிடும். படிந்த பளிங்குகளும் மீண்டும் அயன்களாய்க் கரைந்துபோம். 2024ஆம் ஆண்டின் இறுதியிற் பெய்த பெருமழை புத்தளத்து உப்பளங்களிற் செய்த வேலை இதுவே. கடலில் உப்பு ஒரு கிராமேனும் குறைந்துவிடவில்லை, பாத்தியிலேதான் இல்லை.