பொற்கொல்லரும் கணிப்பொறியும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் சுடர் எழுவதற்கு மூவர் உழைப்பு வேண்டியிருக்கிறது. கொப்பரையைச் செய்பவர் உலோகத் தொழிலாளி. திரிக்கு வேண்டிய ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத் துணியை நெய்பவர் நெசவாளி. நெய்க்கு ஆதாரமான கறவை மாட்டைப் பேணுபவர் குடியானவர். வாழ்க்கையிலும் இம்மூவரும் ஒருவரையொருவர் சார்ந்தவர்களே. அறுவடை முடிந்து கல்யாணம் கூடியதும் குடியானவர் தேடிச் சென்றது பொற்கொல்லர் பட்டறையையும் பட்டுச் சேலையையுமே. ஆகவே, பொற்கொல்லரைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதுவது நமக்குப் புறம்பான காரியமன்று.

இன்று சிறு பட்டறைகளில் வேலை குறைந்து வருகிறது. ஆயத்த நகைகளை நூற்றுக்கணக்கான மாதிரிகளில் பரப்பி வைத்திருக்கும் பெரிய கடைகளை ஜனங்கள் நாடுகிறார்கள். அம்மாதிரிகளில் பல கணிப்பொறியில் வரையப்பட்டு, யந்திரத்தின் துணையுடன் வார்க்கப்பட்டவை. ஊதுகுழலும் குறடும் அரமும் பிடித்துப் பழகிய கை, நாற்பது வயதுக்கு மேல் கணிப்பொறி கற்கத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கற்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அத்துடன் ஒரு நிபந்தனையும் உண்டு.

முதலில் அத்தொழில் முறையை அறிந்துகொள்வோம். நகையின் நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றும் விளங்கும்படி திரையில் உருவம் வரையப்படுகிறது. எத்தனை கிராம் பொன் செல்லும், எத்தனை கற்கள் பதியும் என்பது உலை மூட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவ்வரைவைக் கொண்டு முப்பரிமாண அச்சு யந்திரம், ஒளியால் இறுகும் பிசினை மெல்லிய படலங்களாக அடுக்கி உருவத்தை எழுப்புகிறது. அதனைச் சுற்றி வெண்சாந்து ஊற்றி உலையில் சுட்டால், பிசின் எரிந்து மறைகிறது. அந்த வெற்றிடத்தில் உருகிய பொன் நிறைகிறது.

இது நமக்கு அந்நியமான வித்தையன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் மெழுகு வார்ப்பில் பிறந்தவையே. சாதனம் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

மேலும், வார்த்தெடுத்தது முற்றுப்பெற்ற நகையாகிவிடாது. வார்ப்புக் காம்பை வெட்டி, அரத்தால் ராவி, பொடி வைத்து ஊதி, கல் பதித்து, மெருகேற்றக் கை வேண்டும். எந்தத் திருகாணி கழலாது, எவ்வளவு கனமுள்ள ஜிமிக்கியைக் காது தாங்கும், எந்தக் குலத்தாருக்குத் தாலி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பவற்றைப் பட்டறையே கற்பித்திருக்கிறது. இந்த அறிவு இல்லாதவர் திரையில் அழகாக வரைந்தாலும், அது அணிவதற்கு உதவாத நகையாகிவிடக்கூடும். ஆகவே, கணிப்பொறி கற்பதற்குத் தகுதி மிகுந்தவர் பரம்பரைத் தொழிலாளியே.

நெசவாளி அங்கத்தினர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகளே பூவேலையை நடத்தின. பின்னர் அதே அட்டை யோசனையைத்தான் கணக்கிடும் யந்திரத்துக்குப் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார். அவ்வகையில் கணிப்பொறிக்குத் தறியும் ஒரு முன்னோர். இன்று பட்டுச் சேலைக்குரிய கரையும் முந்தியும் கணிப்பொறியில் வரையப்படுகின்றன; ஆயினும் நாடா ஓட்டுவது நெசவாளியின் கையே.

இனி நமது நிபந்தனைக்கு வருவோம். கையால் செய்த நகைக்கு ஒவ்வொன்றாகக் கூலி உண்டு. வரைவுக் கோப்போ ஒருமுறை செய்யப்பட்டால் நூறு நகைகளுக்கு உதவும். அந்தக் கோப்பும் அச்சு யந்திரமும் முதலாளியிடம் இருந்தால், தம் பரம்பரை அறிவு முழுவதையும் ஒருநாள் கூலிக்கு விற்றுவிட்டவராகவே தொழிலாளி ஆகிவிடுவார். கற்றும் பயனில்லை.

தனித்து நின்ற பொற்கொல்லர் பட்ட துன்பத்தை நாடு முன்பே கண்டிருக்கிறது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் நகை செய்வது தடுக்கப்பட்டபோது, எண்ணற்ற குடும்பங்கள் ஜீவனம் இழந்து தவித்தன. 1968-இல் தனிச் சட்டமாகவே இயற்றப்பட்ட அக்கட்டுப்பாடு 1990-இல்தான் நீங்கியது. அன்று சட்டத்தால் வந்த இடர் இன்று யந்திரத்தால் வரலாம். இரண்டிலும் முதலில் வீழ்பவர் தனியாள்.

ஆதலால், யந்திரம், வார்ப்பு உலை, பராமரிப்பு ஆகியவற்றை ஒருவர் தாங்க இயலாவிடினும் பலர் கூடித் தாங்கலாம். கோயம்புத்தூரில் நகைத் தொழிலுக்கென 2019-இல் பொது வசதி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் வகுக்கப்பட்டன. இத்தகைய உதவிகளைத் தனித்தனியே சிதறவிடாமல், திருவண்ணாமலை போன்ற ஊர்களில் பொற்கொல்லர் சங்கம் அமைத்துப் பொதுப் பட்டறை ஒன்று நிறுவுவது அவசியம்.

அங்கே பாடம் தமிழில், மாலை நேரத்தில் நடைபெற வேண்டும். கணிப்பொறி அறிந்த இளைஞரும் பட்டறை அறிந்த முதியவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். புதிய வரைவுகளை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி சங்கத்தின் பெயரில் பதிவு செய்யலாம். பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் உரிமை உண்டு. அவ்வரைவில் வார்க்கப்படும் ஒவ்வொரு நகைக்கும் வரைந்தவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும்.

தறியையும் விளைபொருளையும் கூட்டுறவால் காத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. கணக்கு எழுதவும், கடன் மனு தயாரிக்கவும், விதிகள் வகுக்கவும் நம் சங்கங்கள் பொற்கொல்லருக்கு வழிகாட்டலாம். வித்தையை அவர் கற்கட்டும். அதன் பலன் அவர் கையை விட்டுப் போகாமலிருக்க நாம் துணை நிற்போம்.