எந்த டோர்ச்?

பெக்டரியில் இரவு வேலை முடிந்து லயத்துக்கு நடப்பவர்களுக்கு நிர்வாகம் டோர்ச் தர வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் எந்த டோர்ச்? எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவுமுறையில், பெட்டியில் போடும் லூமன் கணக்கு எரியத் தொடங்கிய முதல் 2 நிமிடத்துக்குள் அளந்தது. 'எரியும் நேரம்' என்பதோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. அந்த மிச்ச வெளிச்சத்தில் படிக்கட்டில் கிடக்கும் பாம்பு தெரியுமா? (மலிவுச் சாமான்கள் இந்த அளவுக்கும் வராது.)

தோழர்களே, கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் ஒன்றையாவது சோதியுங்கள். புதுப் பெட்டரி போட்டு 2 மணித்தியாலம் எரியவிட்டு, பிறகு மலைப் பாதையில் காலடிக் குழி தெரிகிறதா என்று பாருங்கள். இடுப்புயரத்திலிருந்து கீழே போடுங்கள். தண்ணீர் தெளியுங்கள், நம் மலையில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. அணைந்தால் திருப்பிக் கொடுங்கள். பெட்டரிச் செலவும் நிர்வாகத்துடையதே. சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள்.