முகாமை மேலே போடுங்கள், ஐயா

மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அவர்களுக்கு,

கொல்லிமலையிலிருந்து, 26 வருஷம் விசில் ஊதி ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் எழுதுகிறேன்.

ஒரு வருஷம் கபடிக் கூட்டு அணி ஒன்றை என் பொறுப்பில் விட்டார்கள். ஏழு பேரில் மூவர் எங்கள் மலையாளிப் பழங்குடிப் பையன்கள், மற்றவர்கள் கீழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காரவள்ளிக்கு வருவதற்குள் எங்கள் கார்னர்ப் பையன் வாந்தியெடுத்து வெளுத்துப்போனான். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே களத்துக்கு வந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பிடிக்க நிற்பவர்கள் கை கோத்து நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கார்னருக்கு அடுத்து நின்றவன் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு. அவன் இரண்டு விரலை மட்டும் நீட்டினான், அதுவும் ரைடர் கோட்டைத் தாண்டிய பிறகு. அந்தச் சந்தில் நாலு புள்ளி போயிற்று. நான் திட்டியதோ கார்னர்ப் பையனை. அவன்தான் எதிர்த்துப் பேசமாட்டான். மறுநாள் அவன் வரவில்லை, காப்பி பறிக்கப் போய்விட்டானாம். பழங்குடிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு ஏகலைவன் பெயரில் பள்ளி நடத்துகிறது. அன்று நான் பார்த்தது துரோணர் வேலை.

மலைக்குள் மட்டும் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. வளப்பூர் நாடா, அரியூர் நாடா என்று நாங்களும் பிரிவு கேட்கிறவர்கள்தான்.

இப்படிப் பிரிந்து நின்றவர்களை ஒரே அணியாக்கிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் 1971இல் பள்ளிகளை ஒன்றாக்கியபோது, கறுப்பரான ஹெர்மன் பூன் என்பவரை அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். அந்த இடம் தனக்குத்தான் என்றிருந்த வெள்ளையர் பில் யோஸ்ட், அவருக்குக் கீழே உதவியாளராக நின்றார். பூன் அதட்டுவார், யோஸ்ட் அதிராமல் பேசுவார். 13 ஆட்டத்திலும் வெற்றி, மாநிலக் கோப்பை. 2000இல் அது சினிமாவாகவும் வந்தது. நம் வாத்தியார்கள் அந்தப் படத்திலிருந்து அதட்டலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர்களை வதைக்கிறார் என்ற புகார்களுக்கு நடுவே 1979இல் பூனின் பதவி போனது படத்தில் இல்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஊரைவிட்டு கெட்டிஸ்பர்க்கில் முகாம் போட்டு, கறுப்புப் பையனையும் வெள்ளைப் பையனையும் ஒரே அறையில் தங்கவைத்தாரே, அது.

சாதி வெறியில் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளியில் வண்ணக் கயிறு கூடாது என்றது. நல்லது. ஆனால் கயிற்றை அவிழ்த்த பிறகும் அந்த இரண்டு விரல்தான் நீளும் என்றால், அதைச் சுற்றறிக்கையால் சரிசெய்ய முடியாது. கூடவே தின்று, கூடவே தூங்கி எழ வேண்டும்.

அதனால் கேட்கிறேன். இந்த வருஷம் மாவட்ட அணியின் முகாமைச் செம்மேட்டில் போடுங்கள். ஆடியில் ஓரி விழா முடிந்த கையோடு போட்டால் குளிரும் தாங்கும். பயிற்சிக்குக் கீழேயிருந்து ஒருவர், மலையிலிருந்து ஒருவர். கார்னரும் அவனுக்கு அடுத்து நிற்பவனும் ஒரே அறை. ஒரு தடவையாவது கீழ்ப்பையன்கள் 70 வளைவு ஏறி வரட்டும். எலுமிச்சம்பழம் எங்கள் பையன்கள் வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்