கல் இறங்கியது, காசு இறங்கவில்லை: அரசுக் கட்டுமானப் பணிகளுக்குச் சரக்குக் கொடுத்தோரின் சட்ட நிலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அடுத்த ஒரு காலனியிலிருந்து எங்களைத் தேடி வந்தவர், அட்டை கிழிந்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை மேசைமீது வைத்தார். அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு கட்டுமானக் கல் தயாரிக்கும் சிறு பட்டறை அவருடையது. நோட்டில் லோடு லோடாகக் கணக்கு: தேதி, வண்டி எண், கல்லின் எண்ணிக்கை, இறக்கிக்கொண்டவரின் கையெழுத்து. கல் போன இடம் ஓர் அரசுக் கட்டடம். ஆனால் வாங்கியது அரசு அன்று. அரசிடம் பணி எடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு பகுதியைப் பிரித்து வாங்கிச் செய்த துணை ஒப்பந்ததாரர் ஒருவர். கட்டடம் திறப்பு விழாக் கண்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஏழு இலட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி. "மேலே பில் பாஸாகட்டும், உடனே தருகிறேன்" என்ற பதில் மட்டும் மாறவேயில்லை.

அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கல் அரசாங்கத்துச் சுவரில்தானே இருக்கிறது? அரசாங்கத்தையே கேட்டால் என்ன?"

நியாயமான கேள்வி. சட்டத்தின் விடையோ வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மட்டுமே ஒருவர்மீது ஒருவர் அதன்படி உரிமை கோரலாம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நடைமுறை. அரசுக்கும் இவருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. முதன்மை நிறுவனத்துக்கும் இவருக்கும் இடையேகூட இல்லை. இலவசமாகத் தரும் நோக்கமின்றி ஒருவர் தந்ததன் பயனை மற்றவர் துய்த்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று 1872 ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 70 ஆம் பிரிவு இருக்கிறது. முறையான ஒப்பந்தமே இல்லாமல் அரசு பெற்றுக்கொண்ட பயனுக்கு அப்பிரிவின்கீழ் அரசு பணம் தந்தாக வேண்டும் என்று பி.கே. மொண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்டு. ஆனால் அது அரசிடம் நேரடியாகக் கொடுத்தவரின் வழக்கு. நம்மவர் விஷயத்தில், "கல்லுக்கான விலையை ஒப்பந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்" என்று துறை ஒரு வரியில் முடித்துக்கொள்ளும்.

இதே கட்டடத்தில் அந்தக் கல்லைச் சுமந்த தொழிலாளியின் நிலையைப் பார்ப்போம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21(4) ஆம் பிரிவில் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 55 ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. அந்தத் தொகுப்புகள் தொழிலாளர்களிடமிருந்து பறித்தவை பல. இந்த ஒன்று மிஞ்சியிருக்கிறது. இடையில் எத்தனை கைகள் இருந்தாலும் உழைப்பின் பயனைப் பெற்றவரே இறுதிப் பொறுப்பாளி என்ற கொள்கை கூலிக்கு உண்டு, கல்லுக்கு இல்லை. கல்லுக்குள் இருப்பதும் கூலிதான். எங்களிடம் வந்தவரின் பட்டறையில் வேலை செய்யும் பெண்கள் அதே காலனியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுக்க அவர் மனைவியின் நகையை அடகு வைத்திருக்கிறார். துணை ஒப்பந்ததாரர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கட்டுவது ஒரு தலித் குடும்பம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இது தனியொருவரின் கதை அன்று. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கித் தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் நோக்கிப் போகும் சென்னை எல்லைச் சாலை, சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை, அத்திப்பட்டில் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அனல்மின் அலகு என்று பொதுப்பணம் பெருமளவில் கொட்டப்படும் நிலம் இது. இப்பணிகளின் தலைமை ஒப்பந்தங்கள் பெருநிறுவனங்களுக்குப் போகின்றன. அவற்றின் கீழே இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் உள்ளூர்ச் செல்வாக்கும் சாதியும் வேலை செய்கின்றன. ஜே.சி.பி. வாடகை, டிப்பர் லாரி, ஜல்லி, ஹாலோ பிளாக், சென்ட்ரிங் பலகை என்று தலித்துகள் நுழைய முடிந்த இடம் பெரும்பாலும் கடைசி அடுக்குதான். பணம் மேலிருந்து கீழே வருகிறது. நட்டம் எந்த அடுக்கில் நேர்ந்தாலும் நேரே கடைசி ஆளிடம் வந்து நிற்கிறது.

மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. நாங்கள் அதை வரவேற்கிறோம். ஆனால் இயந்திரம் வாங்க மானியம் தரும் அரசின் கட்டடத்துக்கே போன கல்லுக்குப் பணம் வராவிட்டால், அந்த மானியம் யாருடைய தொழிலைக் காப்பாற்றுகிறது? மைய அரசின் கொள்முதல் கொள்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு ஒதுக்கீடு 2012 முதல் இருக்கிறது. அது மைய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் நேரடியாக வாங்கும் பொருட்களுக்கும் சேவைகளுக்குமானது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. கிரானைட் முதல் கல் வரை ஒப்பந்ததாரர் வாங்கும் எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

மேலே இருக்கும் நிறுவனமே விழுந்துவிட்டால்? எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கப் பணியை 2014 இல் லான்கோ இன்ஃப்ராடெக் நிறுவனம் எடுத்தது. 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு அடையாளம் காட்டிய பன்னிரண்டு பெருங்கடனாளிகளில் அந்நிறுவனமும் ஒன்று. 2018 ஆகஸ்டில் அதைக் கலைத்துச் சொத்துகளை விற்க ஐதராபாத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மின்வாரியம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பின்னர் பணியை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மின்வாரியத்துக்கு மாற்று ஒப்பந்ததாரர் கிடைப்பார். வங்கிகள் கடன்தாரர் குழுவில் அமர்ந்து வாக்களிக்கும். சரக்குக் கொடுத்தவரை 2016 ஆம் ஆண்டின் திவால் சட்டம் 'செயல்பாட்டுக் கடன்தாரர்' என்ற பெயரில் வரிசையின் பின்புறம் நிறுத்துகிறது. 53 ஆம் பிரிவின்படி விற்ற பணம் பகிரப்படும்போது அரசுக்குச் சேர வேண்டிய வரிப் பாக்கிக்கும் பின்னாலேதான் அவர் முறை. அவராகவே திவால் மனுப் போடலாமே என்றால், அதற்கான குறைந்தபட்சக் கடன் அளவை 2020 மார்ச் 24 அன்று ஒரு இலட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். ஏழு இலட்சத்துக்காரருக்கு அந்தக் கதவு அன்றே சாத்தப்பட்டது.

அப்படியானால் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வாங்கியவருக்கு அதிகபட்சமாக 45 நாள் தவணை தருகிறது. எழுத்தில் உடன்பாடு இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. வழக்கை மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் குழு விசாரிக்கும். தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்கியவர் 75 விழுக்காட்டுத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றப் படியேற முடியும். இச்சட்டத்துக்கு மாறான ஒப்பந்த வாசகம் செல்லாது. ஆகவே "மேலே பில் வந்தால்தான் கீழே பணம்" என்ற சாக்கு இங்கே நிற்காது.

ஆனால் இச்சட்டத்தின் வாசலில் மூன்று இடங்களில் நம் மக்கள் தடுக்கி விழுவதைப் பார்க்கிறோம். உத்யம் பதிவுதான் அதிகம் பேரை வீழ்த்துவது. ஒப்பந்தம் செய்தபோது பதிவில்லாதவர் பின்னர் பதிந்து அச்சலுகையைக் கேட்க முடியாது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு இதில் மாறுபட்டுப் பார்த்து, மூன்று நீதிபதிகளின் முடிவுக்கு அனுப்பியது. அந்த விவாதத்தில் நம் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. முதல் லோடு ஏறுமுன் பதிந்துவிட வேண்டும், பதிவுக்குக் கட்டணமும் இல்லை. அடுத்து, தயாரிப்பவரா வியாபாரியா என்ற கேள்வி. 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறக்கப்பட்டாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே. குவாரியில் எம்-சாண்ட் வாங்கிக் கைமாற்றி விற்பவர் வியாபாரி. அதே மணலை வாடகைக்கு ஏற்றிச் செல்பவர் சேவை தருபவர், அவர் உள்ளே வருவார். மூன்றாவது 'பணி ஒப்பந்தம்'. கல்லை மட்டும் கொடுத்தால் அது சரக்கு. கல்லும் கொடுத்துச் சுவரும் எழுப்பி ஒரே தொகைக்குப் பில் போட்டால், அது பணி ஒப்பந்தம், இச்சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். உயர் நீதிமன்றங்கள் சில அதை ஏற்றும் உள்ளன. சரக்குக்கும் வேலைக்கும் தனித்தனிப் பில் போடுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

இவற்றில் சிக்கியவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம் உண்டு. மூன்று ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையானால் வணிக நீதிமன்ற வழி. அவசர இடைக்காலத் தீர்வு கேட்காத வழக்கில் முன்சமரசம் கட்டாயம். காசோலை வாங்கி அது திரும்பியிருந்தால் 138 ஆம் பிரிவு. தகவல் வந்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. 180 நாளுக்குள் சரக்குக்காரருக்குப் பணம் தராதவர், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரிப் பயனை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வக்கீல் அறிவிப்பில் இந்த ஒரு பத்தி சேர்ந்தால் கணக்காளர் தொலைபேசியில் அழைப்பது எங்கள் அனுபவம்.

அரசை நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், அரசின் கையிலிருக்கும் ஒப்பந்ததாரரின் பணத்தைப் பிடிக்கலாம். தீர்ப்பு கிடைத்தபின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 46ஏ இதற்கு வழி செய்கிறது. எதிராளி சொத்தை மறைக்கிறார் என்று காட்ட முடிந்தால் தீர்ப்புக்கு முன்பே ஆணை 38, விதி 5. ஆனால் எந்தப் பில் எந்த நிலையில் இருக்கிறது, பிடித்தத் தொகை எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்தால்தான் கை வைக்க முடியும். அங்கே உதவுவது தகவல் உரிமைச் சட்டம். அளவைப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். இன்ன தேதியில் இத்தனை கன மீட்டர் கட்டு வேலை முடிந்தது என்று பொறியாளர் எழுதிய வரியே உங்கள் கல் சுவரேறியதற்குச் சாட்சி.

காவல் நிலையம் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பாக்கி தராதது மட்டுமே என்றால் அவர்கள் சொல்வது தவறில்லை. அதை மோசடியாகவோ வன்கொடுமையாகவோ எழுதினால் வழக்கு வலுவிழக்கும் என்று எங்களவர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறோம். ஆனால் பணம் கேட்கப் போனவரைப் பலர் முன்னிலையில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் கதை வேறு. வழக்குப் போட்ட தலித்திடம் இனி யாரும் சரக்கு எடுக்கக் கூடாது என்று சாதியின் பெயரால் கட்டுப்பாடு செய்தால், 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைப் பொருளாதாரப் புறக்கணிப்பு என்றே பெயரிட்டுக் குற்றமாக்கியிருக்கிறது. அப்போது "சிவில் மேட்டர்" என்பது கடமை தவறுதல். பெரும்பாலோர் வழக்குக்கே வராததற்குக் காரணம் சட்டம் தெரியாமை என்று சொல்வது பாதி உண்மைதான். அடுத்த லோடுக்கான ஆர்டர் அதே ஆட்களிடம் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

அமெரிக்காவில் அரசுக் கட்டடத்தின்மீது சரக்குக்காரர் பற்றுரிமை கோர முடியாது என்பதால், 1935 இலேயே மில்லர் சட்டம் ஒரு மாற்றுச் செய்தது. கூட்டாட்சி அரசின் பணி எடுக்கும் நிறுவனம், பணியை முடிப்பதற்கு ஒரு பிணையும் சரக்குக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பணம் தருவதற்கு வேறொரு பிணையும் தர வேண்டும். துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தவர்கூட, கடைசிச் சரக்கு கொடுத்த 90 நாளுக்குள் முதன்மை நிறுவனத்துக்கு அறிவிப்புத் தந்து, ஓராண்டுக்குள் வழக்கிட்டு அந்தப் பிணையில் பணம் பெறலாம். நம் டெண்டர்கள் கேட்பது முதல் பிணையை மட்டும்தான். அது அரசைக் காக்கிறது. இரண்டாம் பிணைக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெண்டர் நிபந்தனைகளை எழுதுவது அரசு. யாரிடம் என்ன வாங்கினோம், எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் இல்லாமல் இறுதிப் பில் பாஸாகாது; ஒப்புக்கொண்ட பாக்கியைப் பிடித்தத் தொகையிலிருந்து துறையே நேரே தரும் என்று இரண்டு வாசகங்களைச் சேர்க்க ஓர் அரசாணை போதும். எல்லைச் சாலை போன்ற பணிகளில் இனி வரும் ஒப்பந்தங்களிலேயே இதைத் தொடங்கலாம்.

நோட்டோடு வந்தவரிடம் நல்வாய்ப்பாக உத்யம் பதிவு முன்பே இருந்தது. வங்கிக் கடனுக்காக யாரோ எடுக்கச் சொன்னது. பில்கள் பாதிக்குத்தான் இருந்தன. மீதிக்கு அந்த நோட்டும், "நாளைக்கு ரெண்டு லோடு அனுப்புங்க" என்ற வாட்ஸ்அப் செய்திகளுமே ஆவணம். சென்னை வசதியாக்கக் குழுவில் மனுவைப் பதிந்திருக்கிறோம். பிடித்தத் தொகையில் ஒரு பங்கு இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் துறை பதில் தந்திருக்கிறது. குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்தால் அந்தத் தொகை முதன்மை நிறுவனத்திடம் போய்விடும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொள்ளும் எழுத்து ஒன்றையாவது முதன்மை நிறுவனத்திடமிருந்தும் துணை ஒப்பந்ததாரரிடமிருந்தும் வாங்க முயன்றுகொண்டிருக்கிறோம்.