மாட்டையும் கணக்கில் எடுங்கள்

மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் லயத்தை விட்டு வெளியேறும் குடும்பம் முதலில் பிள்ளைகளைத் தேடும். அடுத்து அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுக்கும். அதன்பின் அது திரும்பிப் பார்ப்பது மாட்டுப் பட்டியைத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன நாளிலிருந்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது வரை, நாம் சென்ற முகாம்களில் இதே கவலையைத்தான் கேட்டோம். "சுவாமி, எங்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. மாட்டுக்கு என்ன வழி?"

இந்தக் கேள்வியைச் சிறிய கேள்வி என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்துச் சம்பளம் போதாத வீட்டில் பால் காசுதான் கடைக் கடனை அடைக்கிறது. மரக்கறிப் பாத்திக்கு எரு தருவதும் அந்த மாடுதான். எனவே இடம்பெயர்ந்த மாட்டுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

நோய் என்றால் வெளியிலிருந்து கிருமி வந்து புகுவது என்றே நாம் நினைக்கிறோம். உண்மை அத்தனை எளிதல்ல. நல்ல சுகத்தோடு நிற்கும் பசுவின் முதல் இரைப்பையில் உள்ள நீரில் ஒரு மில்லிலீட்டர் எடுத்தால், அதில் சுமார் 1,000 கோடி பற்றீரியாக்கள் இருக்கும். புல்லை மாடு தானாகச் செரிப்பதில்லை. இந்த நுண்ணுயிர்களே புல்லின் நாரைப் புளிக்கவைத்து மாட்டுக்குச் சக்தி தரும் அமிலங்களாக மாற்றுகின்றன. பிறகு அவையே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமும் ஆகின்றன. சுருங்கச் சொன்னால், மாட்டுக்குத் தீனி போடும் நாம் முதலில் அந்த நுண்ணுயிர்களுக்கே தீனி போடுகிறோம்.

முகாமில் நடப்பது என்ன? புல் வெட்டப் போக வழியில்லை. மீந்த சோறும் பாணும் நிறையக் கிடக்கின்றன. பட்டினி கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டு வாளி வாளியாகச் சோற்றை வைக்கிறோம். மாச்சத்து திடீரென்று கூடியதும் புல்லைச் செரிக்கும் பற்றீரியா பின்வாங்குகிறது. புளிப்பை உண்டாக்கும் பற்றீரியா பெருகுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, கழிகிறது, படுத்துவிடுகிறது. புளிப்பு இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கினால், அதுவரை உள்ளே குற்றமின்றி வாழ்ந்த பற்றீரியா இரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். ஆகவே சோறு கொடுக்க நேர்ந்தால் கைப்பிடி அளவில், புல்லோடும் வைக்கோலோடும் கலந்து, நாட்கணக்கில் மெல்லப் பழக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து தொண்டை அடைப்பான். இது எமது மாகாணத்தில் மலைத் தோட்டங்களைவிட மகியங்கனை, மொனராகலை போன்ற தாழ்ந்த வறண்ட பகுதிகளுக்கே உரியது. கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.சி.எல். டி அல்விஸ் அவர்கள் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நோயின் அடையாளம் எதுவுமற்ற எருமையும் மாடும் இக்கிருமியைத் தொண்டைச் சதையில் மறைத்து வைத்திருக்கலாம் என்பது அந்த ஆராய்ச்சிகளில் தெளிவானது. மழையில் நனைவது, பட்டினி, நீண்ட நடை, நெருக்கம் ஆகியவை உடலைத் தளர்த்தும்போது கிருமி பெருகி வெளியேறி, பக்கத்தில் நிற்கும் மாடுகளைத் தாக்குகிறது. கடும் காய்ச்சலும் எச்சில் வடிதலும் தொண்டை வீக்கமும் கண்டு, ஓரிரு நாளில் மாடு செத்துவிடும். மழை, பட்டினி, நடை, நெருக்கம்: இடம்பெயர்வு என்பதே இந்த நான்கும்தான்.

மூன்றாவது இரத்தம். சுகமான உடலின் இரத்தத்தில் பொதுவாகக் கிருமி குடியிருப்பதில்லை. சிங்கப்பூரில் நோயற்ற 9,770 மனிதரின் இரத்தத்தை ஆராய்ந்து 2023இல் வெளியான முடிவும் பெரும்பாலும் அதையே காட்டியது. ஆனால் மாட்டில் ஒரு விலக்கு உண்டு. அனாப்பிளாஸ்மா என்னும் பற்றீரியா, காய்ச்சலிலிருந்து தப்பிய மாட்டின் சிவப்பணுக்களில் ஆயுள் முழுதும் தங்கியிருக்கும். மாடு கொழுகொழுவென்றுதான் இருக்கும். உண்ணியும் கடிக்கும் ஈயும் அதை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகும். ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தும் நமது கையும் கொண்டுபோகும். உண்ணியைக் காணாமல் வளர்ந்த மலைநாட்டுப் பசுவைத் தாழ்நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் அதற்கே கூடுதல் ஆபத்து.

இதைக் கேட்டுப் பயந்து கடையில் மருந்து வாங்கிச் சுகமான மாட்டுக்கு ஊசி போடலாமா? கூடாது. அது வயிற்றிலுள்ள நல்ல பற்றீரியாவையும் கொல்லும். மிஞ்சும் கிருமியை மருந்துக்கு அடங்காததாக்கும். பாலில் இறங்கி நம் பிள்ளைகளின் கோப்பைக்கும் வரும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இத்தகைய மருந்து சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே முற்றாக நிறுத்திவிட்டது. மருந்தை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

எனவே நாம் உரியவர்களிடம் கேட்பவை மூன்று. முதலாவது, முகாமில் ஆட்களைப் பதியும்போதே மாடு, ஆடு, கோழியையும் பதியுங்கள். வைக்கோலும் நிவாரணமே. இரண்டாவது, அபாயப் பகுதி என்று அடையாளமிட்ட இடங்களில் மழைக்கு முன்னரே மிருக வைத்தியரை அனுப்புங்கள். தடுப்பூசி போட்ட அன்றே பலன் தராது. அதற்கு வாரங்கள் வேண்டும். மூன்றாவது, மீள்குடியேற்றத்தில் பட்டிக்கும் புல்லுக்கும் இடம் ஒதுக்குங்கள். 7 பேர்ச் காணியில் வீடு கட்டியபின் பசுவை எங்கே கட்டுவது? தனித்தனியே முடியாவிட்டால் பத்துக் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு புல் நிலமாவது கொடுங்கள்.

எமது பங்கும் உண்டு. புதிதாக வந்த மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டுவோம். மாட்டுக்கு ஓர் ஊசி என்று பிடிவாதமாகக் கேட்போம். பாலைக் கொதிக்க வைத்தே குடிப்போம். சாணம் அள்ளிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவோம். ஏனெனில் சுகமான மாட்டின் குடலிலும் மனிதருக்கு ஆகாத கிருமி இருக்கக்கூடும்.

தன் உடலுக்குள் இருப்பவற்றோடு மாடு சமாதானமாக வாழ்கிறது. புல்லும் ஓய்வும் காய்ந்த தரையும் இருக்கும்வரை அந்தச் சமாதானம் நிலைக்கும். அதை ஓட்டிக்கொண்டு வந்த குடும்பத்துக்கும் தேவை அவைதானே? சோறும் ஓய்வும் காலூன்ற ஒரு துண்டு நிலமும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதும்படி கேட்பதில் நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை.