ஐயாவுக்குத் தெரியவேண்டாமா?

“ஐயாவுக்குத் தெரியவேண்டாம்.” புற்றுநோயென்று வைத்தியர் கூறியதும் நம்மவர் வீடுகளிலே முதலிற் பிறக்கும் வாக்கியம் இது. மூத்த மகன் தாயை அடுப்படிக்கு அழைத்துச் சொல்லுகிறான். தாய் மகளுக்குச் சொல்லுகிறாள். மருமகன் வைத்தியச் சீட்டைச் சட்டைப்பைக்குள் மறைக்கிறான். அயலவரெல்லாம் அறிந்த பின்னரும் அறியாதவராகத் திண்ணையில் இருப்பவர் நோயாளி ஒருவரே. அன்பினாற் செய்யப்படும் காரியம் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முற்றிய சலப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரையில் இவ்வன்பு நோயாளிக்கே தீங்காய் முடியக்கூடும் என்பது நமது கருத்து.

சலப்பை என்பது சிறுநீர் தங்கும் பை. அதிலே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் நோவின்றியே தன் வரவை அறிவிக்கின்றது. சிறுநீர் ஒருநாள் சிவந்து போகும். சில நாட்களில் தெளிந்துவிடும். தலைமன்னார்க் கரையிலே வெயிலிலும் உப்புக்காற்றிலும் பொழுதெல்லாம் நிற்கும் ஒருவர், அதனை உடம்புச் சூடென்று எண்ணி இளநீரோ பார்லித் தண்ணீரோ அருந்தி மறந்துவிடுதல் இயல்பே. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. பெண்களிலும் பார்க்க ஆண்களையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. தலையாய காரணம் புகைத்தல். புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடித்துச் சலப்பைக்கு அனுப்ப, அது அங்கே மணிக்கணக்காய்த் தங்கிவிடுகிறது. சுருட்டுக்கும் பீடிக்கும் இதில் விலக்கில்லை. நோய் பையின் தசையைத் துளைத்து நிணநீர்க் கணுக்களையோ எலும்பையோ நுரையீரலையோ அடைந்துவிடின் முற்றிய நிலை என்பர். அந்நிலையில் முழுக் குணம் அரிது; ஆயுளை நீட்டலாம், துன்பத்தைக் குறைக்கலாம்.

இந்நோயை மறைத்ததற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கொழும்பிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தை மாணவர் பலர் கண்டிருப்பர். 1957இலும் 1964இலும் நம் நாட்டுக்கு வந்த சீனப் பிரதமர் சூ என்லாய் காலத்தில், சீனா நன்கொடையாகக் கட்டித் தந்த மண்டபம் அது. 1973இல் திறக்கப்பட்டது. அது எழுந்துகொண்டிருந்த 1972ஆம் ஆண்டிலே சூ என்லாயின் சிறுநீரிற் புற்றணுக்கள் காணப்பட்டன. அதனை அவரிடமோ மனைவியாரிடமோ சொல்லலாகாது, சத்திரசிகிச்சையும் கூடாது என மா ஓ சே துங் பணித்தாரென வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். சிகிச்சை தொடங்குமுன் மாதங்கள் பல கழிந்தன. 1976 ஜனவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். இரண்டாண்டு கழித்து, 1978 ஜனவரி 13ஆம் நாள், அமெரிக்காவின் முன்னாள் உதவி ஜனாதிபதி ஹியூபேட் ஹம்ஃப்ரி அதே நோயால் மாண்டார். அவரோ தம் நோயை நாடறியச் செய்தவர். மெலிந்த உடலோடு செனற் சபைக்குத் திரும்பிவந்து அமர்ந்தவர். அறிந்ததனால் அவர் பிழைத்துவிடவில்லை. இதையும் நாம் மறைத்தலாகாது.

அறிவதன் பயன் வேறிடத்தில் உள்ளது. முற்றிய நிலையில் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் மருந்து சிஸ்பிளாற்றின். 1965இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெற் ரோசன்பேர்க், பிளாற்றினத் தகடுகளூடே மின்சாரம் செலுத்தியபோது பற்றீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நின்றுபோனதைத் தற்செயலாய்க் கண்டார். அதிலிருந்து பிறந்த மருந்து 1978இல் அங்கே அனுமதி பெற்றது. புற்றணுவைத் தடுப்பதில் வல்லது. சிறுநீரகத்தையும் செவியையும் நரம்பையும் வருத்துவதிலும் வல்லது. அவ்வருத்தங்களுட் பல வெளியே தெரியா. காதுக்குள் எழும் இரைச்சலை நோயாளி ஒருவரே கேட்கிறார். விரல்நுனி மரத்துப்போவது அவருக்கே தெரியும். ‘கிருமிக்கு ஊசி’ என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர், காது இரைவதற்கும் ஊசிக்கும் தொடர்புண்டென்று எப்படி அறிவார்? வயதின் கோளாறென்று பேசாதிருப்பார். வேளைக்குச் சொல்லியிருந்தால் வைத்தியர் மருந்தின் அளவைக் குறைத்திருப்பார். அல்லது வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார்.

கடற்றொழிலாளிக்கு இது வாழ்வுப் பிரச்சினையாகும். வலை பொத்தும் விரல் நூலை உணராதுபோனால் அவர் அதைச் சோம்பலென்று தம்மையே நொந்துகொள்வார். மரத்த பாதம் சிப்பி கீறியதையும் சுடுமணல் பொசுக்கியதையும் உணராது. ஆதலால் செருப்பின்றிக் கரையில் நடத்தல் ஆகாது. இரவில் உள்ளங்காலை வெளிச்சத்திற் பார்த்துக்கொள்ளவேண்டும். மருந்து நின்ற பின்னரும் சில மாதங்கள் இம்மரப்பு கூடக்கூடும். பலருக்கு மெல்லக் குறையும்.

தலைமன்னார் வாசிக்குத் தூரமும் ஒரு நோயே. மன்னார் நகர் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மகரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையோ 300 கிலோமீற்றருக்கு அப்பால். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டபின், பூநகரி வழியாகத் தெல்லிப்பழைக்குச் செல்லுதல் எளிதாயிற்று. தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரை 2011இல் பலர் கால்நடையாய்ச் சென்று திரட்டிய நிதியைக்கொண்டு அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. எங்கே மருந்தேற்றினாலும் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். தொல்லைகளோ பெரும்பாலும் வீட்டிலேதான் தொடங்குகின்றன.

வாந்தியை எடுத்துக்கொள்வோம். மருந்தேற்றிய அன்று நலமாயிருந்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் அது வரலாம். கொடுத்தனுப்பிய குளிசைகளை, ‘இப்போது சுகந்தானே’ என்று நிறுத்தாமல் சொன்ன நாள்வரை விழுங்கவேண்டும். சிறுநீரகத்தைக் காக்கவே முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுகிறார்கள். வீட்டிலும் வைத்தியர் சொன்ன அளவு நீர் உட்செல்லவேண்டும். மன்னார்த் தீவிற் கிணற்று நீர் உவர்ப்பாயுள்ள வளவுகளில் மற்றவர் பழக்கத்தாற் குடித்துவிடுவர்; குமட்டும் வாய்க்கு அது இறங்காது. நல்ல நீரை அவருக்கென்று தனியே எடுத்துவைத்தல் நன்று. குடித்தது தங்காவிடினும் சிறுநீர் குறைந்தாலும் இரத்தக் கட்டிகள் அடைத்து நின்றுவிட்டாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

யாவற்றினும் அவசரமானது காய்ச்சல். மருந்தேற்றி ஒன்று இரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். அவ்வேளையில் 38 பாகை செல்சியஸ் வெப்பம் கண்டால், அது சாதாரண காய்ச்சலன்று. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு பனடோல் கொடுத்துப் போர்த்துப் படுக்கவைக்கும் நம் வழக்கம் இங்கே மிகக் கொடிது. வெப்பம் தணிந்ததுபோலத் தோன்றும், நோய்த்தொற்றோ உள்ளே வளரும். ஒரு வெப்பமானியும், நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடிய ஓட்டோக்காரரின் தொலைபேசி எண்ணும் வீட்டில் இருத்தல் அவசியம்.

சலப்பையை அகற்றியவர்களுக்கு, சிறுகுடலின் துண்டொன்றால் வழியமைத்து, வயிற்றின்மேல் ஒட்டிய பைக்குச் சிறுநீரைக் கொணர்வர். யூஜின் பிரிக்கர் என்ற அமெரிக்க வைத்தியர் 1950இல் விளக்கிய முறை இது. நமது வெப்பத்தில் வியர்வையாற் பசை இளகும், தோல் புண்படும். பை பாதி நிறையுமுன் வெறுமையாக்கினால் பாரம் இழுக்காது. இதிலும் பெரிய புண் மனத்தில் உண்டாகின்றது. பையோடு கோயிலுக்குப் போகலாமா என்று எண்ணி, ஆண்டுதோறும் திருக்கேதீச்சரத்துக்குச் சென்றவர் வீட்டோடு இருந்துவிடுகிறார். தோலுக்கு உள்ளே எல்லாரும் சுமப்பதை இவர் வெளியே சுமக்கிறார். இதில் என்ன ஆசாரக் குறைவு என்று நாம் கேட்கின்றோம். நன்றாகப் பொருத்திய பை நீராடினாலும் கழலாது.

என்போற்றுமாப் வெடோற்றின், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, 2023இல் முடிவு வெளியான பரிசோதனையில், நோயாளருட் பாதிப்பேர் 31 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பழைய முறையில் இக்கால அளவு 16 மாதங்களே. விலையோ நம்மவருக்கு எட்டாதது. அவற்றிலும் தோற்றடிப்பும் நரம்பு மரப்பும் உண்டு. நோவு மிகுந்தால் மோர்பின் உண்டு. வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் மோர்பினால் அடிமையாகிவிடுவாரென்று அஞ்சி நோவோடு கிடத்துதல் கொடுமை. மலச்சிக்கல் வருமாதலால் அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டு வாங்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளிற் கொட்டவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. “ஐயா, டாக்டர் சொன்னதை நீங்கள் முழுக்க அறிய விரும்புகிறீர்களா?” என்று முதலிற் கேட்கலாம். “எனக்கு வேண்டாம், தம்பி, பெரியவனிடம் சொல்லுங்கள்” என்பாராயின் அது அவருடைய உரிமை. அப்போதும் காய்ச்சல், இரைச்சல், மரப்பு, நீர் குறைதல் ஆகிய நான்கையும் உடனே சொல்லும்படி அவரிடம் கூறியே ஆகவேண்டும். பஞ்சாங்கக் கலண்டருக்குப் பக்கத்தில் ஓர் அப்பியாசப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, திகதி, வெப்பம், குடித்த நீர், புதிய தொல்லை என்பவற்றை எழுதிவருதல் நலம். எழுதும் வேலையைப் பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை செய்யலாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு அப்புத்தகத்தையும் ஐயாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.